ஐந்து நட்சத்திரம் கொடுப்பவருக்குப் படியளப்பது யார்?

வில்லியம் என்றொருவர். மனைவிக்குப் புற்றுநோய், தலைக்குமேல் கடன். என்ன செய்வதென்று தெரியாமல் ஆன்லைன் கேசினோவில் உட்கார்ந்தார், பெரிய தொகை விழுந்தது, கடன் அடைந்தது, வைத்தியமும் நடந்தது. செய்தித்தளத்தில் வந்த கட்டுரை போலவே வடிவமைக்கப்பட்ட இந்தக் கதை பிரிட்டனில் இணையத்தில் சுற்றியது. கதையின் வாலில் கேசினோவுக்கு ஒரு லிங்க். 2017 செப்டம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் இதை விசாரித்து, லாட்புரோக்ஸ், 888, ஸ்கை வேகஸ், கசூமோ ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பணக்கஷ்டத்துக்குச் சூதாட்டம் தீர்வு என்று சொல்வது அங்கே விதிமீறல்.

நிறுவனங்கள் சொன்ன பதில்தான் இந்தத் தொழிலின் உள்கட்டமைப்பைக் காட்டிக்கொடுத்தது. நாங்கள் எழுதவில்லை, எங்கள் அஃபிலியேட்கள் எழுதியது என்றார்கள். ஆணையம் அதை ஏற்கவில்லை. உங்களுக்காக ஆள் பிடிப்பவர் செய்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றது. அதே மாதம் ஸ்கை பெட் நிறுவனம் பிரிட்டனில் தன் அஃபிலியேட் திட்டத்தையே இழுத்து மூடியது. வெளியாட்கள் செய்வதையெல்லாம் கண்காணிக்க முடியாது, மாட்டிக்கொள்ளவும் முடியாது என்பதுதான் அந்த முடிவின் சாரம்.

அஃபிலியேட் என்பவர் ஒரு தரகர். 'சிறந்த 10 கேசினோக்கள்' என்று பட்டியல் போடும் தளம், யூடியூபில் ஸ்லாட் என்ற சுழல்பட ஆட்டத்தைச் சுற்றிக்காட்டுபவர், டெலிகிராமில் புரோமோ கோடு தருபவர் எல்லாரும் இந்த வகையில் அடக்கம். அவர் தரும் லிங்கில் ஓர் அடையாள எண் இருக்கும். அதன் வழியே போய் நீங்கள் கணக்குத் தொடங்கினால் நீங்கள் அவர் கணக்கில் வருகிற ஆள். வீட்டுப் புரோக்கர் சாவி கைமாறியதும் கமிஷனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கேசினோ தரகர் பல நேரம் கிளம்புவதே இல்லை. நீங்கள் அங்கே விளையாடும் காலம் முழுக்க, மாதாமாதம் அவருக்குப் பங்கு போய்க்கொண்டிருக்கும்.

கேசினோக்களின் இந்த அஃபிலியேட் திட்டங்களில் எது நியாயமானது என்று தரம்பிரிக்கும் வேலை இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி தரகர்கள் தரகர்களுக்காகச் செய்வது. கமிஷன் நேரத்துக்கு வருகிறதா, புள்ளிவிவரத்தில் கையாடல் உண்டா, ஒப்பந்தத்தைச் சொல்லாமல் மாற்றுகிறார்களா என்பவை அவர்களின் கேள்விகள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் தரகருக்கு நியாயமாக நடக்கும் திட்டம் ஆட்டக்காரருக்குப் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. சில இடங்களில் இரண்டும் நேரெதிராகவே போகும். எதிராகப் போவது எங்கே என்பது நட்சத்திர மதிப்பெண்ணில் தெரியாது, கமிஷன் ஒப்பந்தத்தில் தெரியும். நல்ல வேளையாக, இந்த ஒப்பந்த விதிமுறைகளைப் பல கேசினோக்கள் தங்கள் அஃபிலியேட் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கின்றன. தரகர்கள்கூட முழுதாகப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

சம்பளம் கொடுக்கும் முறை முக்கியமாக இரண்டு. முதலாவது சிபிஏ: முதல் டெபாசிட் போடும் ஒவ்வொரு புது ஆளுக்கும் ஒரே தடவை ஒரு நிலையான தொகை. இரண்டாவது ரெவென்யூ ஷேர்: அந்த ஆள் தோற்கும் பணத்தில் இத்தனை சதவீதம். இரண்டையும் கலந்து கொடுப்பதும் உண்டு. 'ரெவென்யூ' என்று மரியாதையாகச் சொன்னாலும், கேசினோவின் வருமானம் என்பது ஆட்டக்காரர் இழந்த தொகைதான். நீங்கள் 100 தோற்றால் உங்களுக்கு அந்தக் கேசினோவைப் பரிந்துரைத்தவருக்கு அதில் ஒரு பங்கு. நீங்கள் ஜெயித்தால் அவர் கணக்கில் அந்த மாதம் மைனஸ்.

ஜெர்மனி இதில் நேரடியாகவே கை வைத்தது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்நாட்டின் மாநிலங்களுக்கிடையேயான சூதாட்ட ஒப்பந்தம், இணையத்தில் செய்யும் சூதாட்ட விளம்பரத்துக்கு, குறிப்பாக அஃபிலியேட் லிங்குகளுக்கு, வருமானத்தையோ டெபாசிட்டையோ பந்தயத் தொகையையோ பொறுத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று தடுக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி வேறு வழியில் போனது. வருமானத்தில் பங்கு வாங்கும் அஃபிலியேட், கேசினோவுக்குச் சேவை வழங்கும் நிறுவனம் என்ற முறையில் முழு உரிமம் வாங்கவேண்டும், பின்னணி விசாரணையும் உண்டு. நிலையான தொகை வாங்குபவர் பதிவு செய்துகொண்டால் போதும். ஆட்டத்தின் லாபத்தில் பங்கு இருந்தால் நீயும் கேசினோவின் ஆள்தான் என்பது அதன் தர்க்கம். என்னைக் கேட்டால், ஒரு கேசினோ பட்டியலைப் பார்க்கும்போது முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: இதை எழுதியவருக்கு நான் சேருவதால் காசா, தோற்பதால் காசா?

சிபிஏ மட்டும் சுத்தம் என்று நினைக்கவேண்டாம். அங்கே தரகருக்கு வேண்டியது புதுக் கணக்கு. அதனால் ஒரே ஆளை ஒரு கேசினோவிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று நகர்த்திக்கொண்டே இருப்பது லாபம். 'இந்த வாரப் புதுப் போனஸ்கள்' என்று வரும் மெயில்கள் இப்படிப் பிறப்பவை. ஒரு கேசினோவில் நீங்களே செலவு வரம்பு வைத்திருந்தாலும், அடுத்த கேசினோவில் அது பெரும்பாலும் செல்லாது.

ரெவென்யூ ஷேர் ஒப்பந்தத்துக்குள் 'நெகட்டிவ் கேரிஓவர்' என்று ஒன்று இருக்கும். தரகர் கொண்டுவந்த ஆட்டக்காரர்கள் ஒரு மாதம் சேர்ந்து கேசினோவிடம் நிகரமாக ஜெயித்துவிட்டால், அந்த மைனஸை அடுத்த மாதத்துக்குத் தூக்கிவைப்பதா, பூஜ்யமாக்கிவிடுவதா என்பதற்கான ஷரத்து. பூஜ்யமாக்கும் திட்டத்தைத் தரகர்கள் நியாயமான திட்டம் என்று கொண்டாடுவார்கள். ஆட்டக்காரர் பக்கம் நின்று பார்த்தால் கதை அவ்வளவு நேரானதல்ல. மைனஸைத் தூக்கிவைத்தால், ஒருவர் பெரிதாக ஜெயித்துப் பணத்தை எடுத்துக்கொண்டு போவது தரகருக்குப் பல மாதச் சம்பளம் போவதற்குச் சமம். அவர் மறுபடி வந்து விளையாட வேண்டும் என்று தரகர் விரும்பக் காரணம் கிடைத்துவிடுகிறது. பூஜ்யமாக்கினால், ஜெயித்தவர் மேல் தரகருக்கு எரிச்சல் இருக்காது, ஆனால் நட்டம் ஒரு பைசா இல்லாமல் லாபத்தில் மட்டும் பங்கு. இரண்டில் எது மேல் என்று கேட்டால் பூஜ்யமாக்குவதைத்தான் சொல்வேன், அரை மனதோடு.

சரி, அந்தச் சதவீதம் எவ்வளவு உண்மை? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு, ஆனால் இப்படித்தான் ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. ஓர் ஆட்டக்காரர் பிரிட்டனில் ஒரு மாதத்தில் 1,000 பவுண்டு தோற்கிறார். தரகருக்கு 40 சதவீதம் என்று ஒப்பந்தம். 400 வரும் என்று நினைப்போம். வராது. கொடுத்த போனஸுக்கு 150, பணம் செலுத்தும் சேவைக் கட்டணம் 40, 'நிர்வாகக் கட்டணம்' என்ற பெயரில் 20 சதவீதம், அதாவது 200, அப்புறம் 2026 ஏப்ரலுக்கு முன்பிருந்த 21 சதவீத அரசு வரி 210. எல்லாம் கழித்தால் மிச்சம் 400. அதில் 40 சதவீதம் 160. விளம்பரத்தில் 40, கையில் 16.

இது தரகர் பாடு, நமக்கென்ன என்று விடமுடியாது. சொன்ன தொகை கைக்கு வராத தரகர், அதை எண்ணிக்கையால் ஈடுகட்டப் பார்ப்பார். இன்னும் ஆட்கள், இன்னும் பெரிய வாக்குறுதி. நிர்வாகக் கட்டணம் என்று மொட்டையாக எழுதி அளவைச் சொல்லாத ஒப்பந்தமும், 'முன்னறிவிப்பின்றி எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், பழைய ஆட்டக்காரர்களுக்கும் அது பொருந்தும்' என்ற ஷரத்தும் மோசமான அடையாளங்கள். தனக்கு ஆள் பிடித்துத் தருபவரையே இப்படி நடத்தும் நிறுவனம், நீங்கள் ஜெயித்த பணத்தை எடுக்கப்போகும்போது எப்படி நடத்தும் என்று யோசித்துக்கொள்ளலாம். தரகர்களின் புகார் ஆட்டக்காரருக்கும் பயன்படுவது இந்த இடத்தில்தான்.

இனி, மதிப்புரை என்ற பெயரில் எழுதப்படுவதைப் பார்ப்போம். பெரும்பாலான மதிப்புரைகளின் தலைப்பிலேயே போனஸ் இருக்கும். '100 யூரோ போட்டால் 100 யூரோ இலவசம்.' கீழே சிறிய எழுத்தில் 35 மடங்கு வேஜரிங். அதாவது போனஸ் பணத்தை 35 தடவை பந்தயத்தில் சுழற்றிய பிறகுதான் எடுக்கமுடியும். 100 யூரோவுக்கு 3,500 யூரோ பந்தயம். ஸ்லாட் 96 சதவீதம் திருப்பிக்கொடுக்கும் என்று வைத்தால், சுழற்சியில் சராசரியாக 4 சதவீதம் கேசினோவுக்குப் போகும். 3,500-இல் 4 சதவீதம் 140. கிடைத்தது 100, அதை விடுவிக்க ஆகும் சராசரிச் செலவு 140. சில கேசினோக்கள் டெபாசிட், போனஸ் இரண்டையும் கூட்டி 35 மடங்கு என்பார்கள். அப்போது பந்தயம் 7,000, சராசரி இழப்பு 280. போட்ட பணத்தையும் சேர்த்தே கையில் இருப்பது 200தான் என்பதால், பாதி வழியிலேயே பலர் காலியாகிவிடுவார்கள். அதிர்ஷ்டம் அடித்துத் தாண்டுபவரும் உண்டு. பிரிட்டன் சூதாட்ட ஆணையம் 2025-இல் இந்த மடங்குக்கு 10 என்று உச்சவரம்பு அறிவித்தது சும்மா இல்லை.

இந்த 140 யூரோ கணக்கை ஒரு மதிப்புரை போட்டுக்காட்டினால் எழுதியவரை ஓரளவு நம்பலாம். 'தாராளமான போனஸ்' என்று மட்டும் எழுதினால் வேண்டாம்.

96 சதவீதம் என்றேனே, அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆர்டிபி என்பது ஒரு ஸ்லாட் நீண்ட ஓட்டத்தில் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித்தரும் விகிதம். அது ஆட்டத்தின் பெயரோடு ஒட்டிப்பிறந்தது என்று பலரும் நம்புகிறார்கள். ப்ளேன் கோ நிறுவனத்தின் 'புக் ஆஃப் டெட்' மிகப் பிரபலமான ஸ்லாட். அதன் வழக்கமான விகிதம் 96.21. ஆனால் அதே ஆட்டம், அதே படம், அதே இசையோடு 94.25, 91.25, 87.25, 84.18 என்ற அளவுகளிலும் கேசினோக்களுக்குக் கிடைக்கிறது. எதை ஓட்டுவது என்பது கேசினோவின் விருப்பம். மதிப்புரையில் 96.21 என்று இருக்கும், நீங்கள் போய் உட்காரும் இடத்தில் 87.25 ஓடலாம். 100 யூரோ பந்தயத்தில் சராசரியாக 4 போவதற்கும் 13 போவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஆட்டத்தின் உள்ளே உதவிப் பக்கத்தைத் திறந்தால் உண்மையான எண் பெரும்பாலும் தெரியும். தரகர் ஒவ்வொரு கேசினோவிலும் அதைத் திறந்து பார்த்து எழுதினாரா, ஆட்டத் தயாரிப்பாளரின் விளம்பரத் தாளிலிருந்து நகலெடுத்தாரா என்பதை ஒரே நிமிடத்தில் சோதித்துவிடலாம். இந்தச் சோதனையில் தேறும் தளங்கள் குறைவு.

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றி. பாதுகாப்பு என்று வரும்போது எனக்குக் கோபம் வரும் ஓர் இடம் உண்டு.

பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. சூதாட்டத்தை விட நினைப்பவர் தன் பெயரை அதில் பதிந்துகொண்டால், 6 மாதமோ ஒரு வருடமோ 5 வருடமோ, பிரிட்டன் உரிமம் பெற்ற எந்த ஆன்லைன் தளமும் அவரை உள்ளே விடக்கூடாது. 2020 மார்ச் 31 முதல் இதில் சேருவது அத்தனை ஆன்லைன் நிறுவனங்களுக்கும் கட்டாயம். இப்போது தேடுபொறியில் 'கேம்ஸ்டாப்பில் இல்லாத கேசினோக்கள்' என்று தேடிப்பாருங்கள். பட்டியல் பட்டியலாக வரும், நட்சத்திரங்களோடு, போனஸ்களோடு. இந்தச் சொற்களைத் தேடுபவர் யார்? பெரும்பாலும், தெளிவாக இருந்த ஒரு நாளில் தன்னைத் தானே பூட்டிக்கொண்டு, ஆட்டம் இழுக்கிற ராத்திரியில் சாவி தேடுகிறவர். அவருக்காகவே பக்கம் எழுதி, உரிமமில்லாத வெளிநாட்டுத் தளத்துக்கு அனுப்பி, அவர் தோற்பதில் மாதாமாதம் பங்கு வாங்குவது ஒரு தொழில்முறையாகவே வளர்ந்திருக்கிறது. ஒரு கேசினோ திட்டத்தின் தரகர்களில் இப்படிப் பக்கம் வைத்திருப்பவர் ஒருவர் இருந்தாலும், அந்தத் திட்டத்தை மேற்கொண்டு ஆராயவேண்டிய அவசியமே இல்லை.

உரிமம் பெற்றவர்களும் இதில் சுத்தமாக இருந்தார்கள் என்று சொல்லமுடியாது. லியோவேகஸ் நிறுவனம் 2018-இல் 6 லட்சம் பவுண்டு கட்டியது. தன்னுடையதும் தன் அஃபிலியேட்களுடையதுமான தவறான விளம்பரங்கள், தங்களைத் தாங்களே விலக்கிக்கொண்டவர்களுக்கு விளம்பரம் அனுப்பியது ஆகியவை குற்றச்சாட்டுகளில் இருந்தன. அதற்கு முந்தைய வருடம் பிஜிஓ என்ற நிறுவனத்துக்கு, தன் தளத்திலும் தரகர் தளங்களிலும் வந்த தவறான விளம்பரத்துக்காக 3 லட்சம் பவுண்டு அபராதம். பிரிட்டன் சூதாட்ட ஆணையம் தரகர்களுக்கு உரிமம் கொடுப்பதில்லை. அதனால் தரகரின் குற்றத்துக்குக் கேசினோவின் காதைத் திருகுகிறது. உரிம நிபந்தனையிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது: மூன்றாம் தரப்பு செய்வதற்கு நிறுவனம் பொறுப்பு, விதி மீறினால் உடனே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

ஆகவே ஒப்பந்தத்தில் அந்த ஷரத்தைத் தேடுங்கள். கூடவே, துணைத் தரகர்களை வைத்துக்கொள்ள அனுமதி உண்டா, உண்டென்றால் அவர்கள் யார் என்று சொல்லவேண்டுமா என்றும் பாருங்கள். தரகருக்குக் கீழே தரகர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று போனால், ஸ்பேம் எஸ்எம்எஸ் அனுப்பியது யாரென்று கேசினோவுக்கே தெரியாது. தெரியாமல் இருப்பது சிலருக்கு வசதி.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. தளத்தின் அடியில் இருக்கும் முத்திரைப் படம் ஒன்றும் நிரூபிப்பதில்லை. பிரிட்டன் ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் உரிம எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், அதற்கு அனுமதிக்கப்பட்ட இணைய முகவரிகள், அதன்மேல் எடுத்த நடவடிக்கைகள் எல்லாம் வரும். பிரிட்டன் உரிமம் என்றால், தகராறு வந்தால் ஆட்டக்காரர் செலவில்லாமல் போய்க் கேட்க ஒரு சுயேச்சையான நடுவர் அமைப்பு இருந்தாகவேண்டும். கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவின் உரிமங்கள் வெகுகாலம் நான்கு முதன்மை உரிமதாரர்கள் வழியே துணை உரிமங்களாக விநியோகிக்கப்பட்டன. ஆட்டக்காரரின் புகாருக்கு அப்போது அங்கே பெரிதாக நாதியிருக்கவில்லை. 2024 டிசம்பரில் அங்கே புதுச் சட்டம் வந்து நேரடி உரிமம் என்றாகியிருக்கிறது.

புகார் தீர்க்கும் தளங்களை நம்பலாமா என்ற கேள்வியும் வரும். ஆஸ்க்கேம்ப்ளர்ஸ் அப்படிப் பேர் வாங்கிய ஒரு தளம். பணம் தராத கேசினோவோடு பேசி வாங்கிக்கொடுத்த கதைகள் அங்கே நிறைய. ஆனால் 2016-இல் அதைக் கடீனா மீடியா என்ற அஃபிலியேட் நிறுவனம் வாங்கியது. பிறகு அது ஜிஐஜி என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. புகாரைத் தீர்ப்பவரும் கமிஷன் வாங்குபவரும் ஒரே ஆள். அதனால் அங்கே நடப்பதெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். கமிஷன் ஒப்பந்தம் கையில் இருப்பதால்தான் கேசினோ அவர்கள் பேச்சைக் கேட்கிறது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் தங்களுக்குப் பங்கு தரும் கேசினோ ஒன்றைக் கறுப்புப் பட்டியலில் போட்டிருக்கிறார்களா, போட்ட பிறகு லிங்கை எடுத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

இந்தியாவில் இருப்பவருக்கு இந்த அளவுகோல்கள் பெரும்பாலும் வேலைக்காகாது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்வதோடு, அதை விளம்பரம் செய்பவருக்கு ஓர் ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை ஆட்டம் என்று தடையிலிருந்து எடுத்தது. ஸ்லாட், ரூலெட் போன்ற அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் இன்னும் கடுமை: பணம் வைத்து ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டத்தையும் விளம்பரப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆக, இங்கே தமிழில் புரோமோ கோடு சொல்லும் டெலிகிராம் அண்ணன் சேர்ந்திருப்பது நல்ல திட்டமா கெட்ட திட்டமா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. அவர் கைகாட்டும் கேசினோ பணம் தரவில்லையென்றால் போய்க் கேட்க நடுவரும் கிடையாது, பதிவேடும் கிடையாது. அண்ணனும் சேனலை அழித்துவிட்டு வேறு பெயரில் வருவார்.

பிரிட்டனிலும் நிலைமை இப்போது அசைகிறது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் ஆன்லைன் கேசினோ வரியை 21 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக, 2026 ஏப்ரல் முதல் உயர்த்துவதாக அறிவித்தார்கள். மேலே போட்ட கணக்கை எடுங்கள். அதே ஆட்டக்காரர், அதே 1,000 பவுண்டு. வரி 210-க்குப் பதில் 400 என்றால் மிச்சம் 210, தரகர் பங்கு 160-லிருந்து 84-க்கு இறங்குகிறது. வரியே கட்டாத வெளிநாட்டுக் கேசினோ அதே ஒப்பந்தத்தைக் கொடுத்தால் மிச்சம் 610, பங்கு 244. உரிமம் உள்ள கேசினோக்களின் பட்டியலை ஒழுங்காகப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த தரகருக்கு, ஒரே ஆளை இந்தப் பக்கம் அனுப்பினால் 84, அந்தப் பக்கம் அனுப்பினால் 244. பிரிட்டன் ஆணையத்தால் காதைத் திருக முடிவது 84 கொடுப்பவரிடம் மட்டும்தான்.